'எஸ்கேப்' என்னும் வினை குறித்து ஒரு மேலங்கி விசாரம்

ஆபத்தினின்று நீங்குவதைக் குறிக்க ஆங்கில பாஷையில் வினைச்சொற்கள் பல உண்டாயினும், அவற்றுள் 'எஸ்கேப்' ஒன்றுக்கே வஸ்திர சம்பந்தம் உண்டென்று சொற்பிறப்பு வல்லார் கண்டு கூறியும், அதன் தாத்பரியத்தை உலகம் இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'கப்பா' என்றால் மேலங்கி. ஆகவே, துரத்துகிறவன் எட்டிப் பிடிக்கையில் அவன் கையில் அங்கியை மட்டும் விட்டுவிட்டு ஆள் நழுவுவதே இதன் மூலார்த்தம் என்பர். அந்த மூல வடிவம் பேச்சு லத்தீனில் இருந்திருக்க வேண்டுமென்று பண்டிதர்கள் ஊகித்து, அதன் தலையில் ஓர் உடுக்குறியிட்டு அச்சிடுகிறார்கள். நழுவுதலைச் சொல்லும் சொல்லே ஏட்டுக்கு அகப்படாமல் நழுவியதில் வியப்பென்ன?

இதினின்று பிறக்கும் சித்தாந்தமாவது: பிடித்தவன் கையில் எதையேனும் விட்டுச் செல்லாதவன் 'எஸ்கேப்' ஆனவனாகான். திருஷ்டாந்தம் வேண்டுவோர் விவிலியத்தைப் புரட்டலாம். போத்திபாரின் மனைவி கையில் யோசேப்பு மேலாடையை விட்டு ஓடினான். மாற்கு சுவிசேஷத்தில் பெயரில்லாத வாலிபன் ஒருவன், போர்த்திய துப்பட்டியைப் பிடித்தவர்களிடமே கொடுத்துவிட்டு நிர்வாணமாய் ஓடிப்போனான். பிற்காலத்தில் ஹூடினி (1874–1926) என்னும் வித்தைக்காரர், கைகளைப் பிணிக்கும் சட்டையோடு தலைகீழாகத் தொங்கி, அதைக் கழற்றி எறிந்து, இவ்வினையைச் சுத்தமாகப் பிரயோகித்துக் காட்டினார்.

ஆட்சேபமும் உண்டு. 1942 ஜனவரியில், ஜெர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையிலிருந்து ஏர்ரி நீவ் என்னும் பிரிட்டிஷ் அதிகாரியும் லூட்டைன் என்னும் டச்சு அதிகாரியும், ஜெர்மானிய அதிகாரிகளுடையதைப் போன்ற உடுப்பை அணிந்து, மிடுக்காக நடந்தே வெளியேறிச் சுவிட்சர்லாந்து சேர்ந்தனர். அங்கியைக் கழற்றாமல் மாட்டிக்கொண்டு போனவர்களை 'இன்கேப்' ஆனார்கள் என்பதன்றோ முறை? சரித்திராசிரியர்கள் இதைக் கவனியாமல் விட்டது வருந்தத்தக்கது.

வியாகரணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 'ஃப்ரம்' என்னும் இடைச்சொல் சேர்ந்தால், ஆசாமி ஒருமுறை அகப்பட்டுப் பின்பு விடுபட்டவன். சேராவிட்டால், அகப்படாமலே தப்பியவன். ஆதலால் மரணத்தை 'ஃப்ரம்' இன்றியும், சிறையை 'ஃப்ரம்' சேர்த்தும் 'எஸ்கேப்' செய்வதே மரபு; இந்தச் சிற்றிடைச்சொல்லை ஓர் அச்சுக்கோப்பவர் விழுங்கிவிட்டால், சுவரேறிக் குதித்த கைதி தண்டனையே பெறாத யோக்கியனாகிவிடுவான்.

'எஸ்கேப்பீ' என்னும் பெயர்ச்சொல்லோ இதனினும் விபரீதம். வேலை தருபவன் 'எம்ப்ளாயர்', அவனிடம் வேலையில் இருப்பவன் 'எம்ப்ளாயீ' என்னும் முறைப்படி, 'ஈ' என்று முடிவது வினையின் பலனை அனுபவிக்கிறவனைக் குறிக்குமாயின், ஓடியவன் 'எஸ்கேப்பர்' என்றும், பூட்டும் சாவியுமாய் விழித்துக்கொண்டு நிற்கும் சிறைக்காவலனே 'எஸ்கேப்பீ' என்றும் ஏற்படுகிறது. இதை வெறும் விதண்டாவாதம் என்று தள்ளலாகாது. பழைய ஆங்கிலச் சட்டத்தில், கடனுக்காகச் சிறைப்பட்டவன் ஓடிவிட்டால், அந்தக் கடனுக்கு அவனைக் காவலில் வைத்திருந்த ஷெரீப்பே பொறுப்பாளி. மேலங்கிக்குப் பதில் கடன் அவர் கையில் நின்றது. சித்தாந்தத்துக்கு இதைவிடப் பலமான சான்று நான் அறியேன்.

ஒருவருடைய பெயர் நினைவுக்கு வராதபோது, 'பெயர் என்னை எஸ்கேப் செய்கிறது' என்பது ஆங்கிலேயர் வழக்கு. மறந்த குற்றம் நம்முடையதாயிருக்க, கர்த்தா ஸ்தானத்தில் பெயரை ஏற்றி நம்மைக் கர்மமாக்கிவிட்ட சாமர்த்தியத்தை மெச்சவேண்டும். அங்கும் முதலெழுத்து மட்டும் பெரும்பாலும் நம் கையில் தங்கிவிடுகிறது. குழாயினின்று வாயு கசிவதையும் 'எஸ்கேப்' என்பர்; அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பூமியின் ஈர்ப்பை மீற வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டுமென்று வான சாஸ்திரிகள் வகுத்த கணக்குக்கும் இச்சொல்லே பெயராயிற்று. ராக்கெட்டும் எரிந்து தீர்ந்த அடுக்குகளை ஒவ்வொன்றாய் உதறிவிட்டே ஏறுவதால், அதற்கு இப்பெயர் தகும்.

தமிழருக்குள் வந்த இவ்வினை, தன் விகுதிகளையெல்லாம் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு வந்தமையால், 'ஆகு' என்னும் துணைவினையின் தோளைப் பற்றிக்கொண்டு நடமாடுகிறது. இங்கே இதற்கு உயிராபத்து அவசியமில்லை. ஓட்டலில் பில் வரும் சமயம் பார்த்துக் கைகழுவப் போனவர் அப்படியே வாசல் வழியாக மறைந்தால், 'ஆள் எஸ்கேப்' என்கிறோம். அங்கியில்லாமல் போனவருக்கு இது எங்ஙனம் பொருந்தும் என்று கேட்கும் மாணாக்கன், சர்வருக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருக்கும் அவருடைய நண்பரை உற்று நோக்குவானாக.