ஒம்பது வாசல் பொட்டி

அடே பேராண்டி, போன வெள்ளிக்கெழம ராத்திரி ஒம்பதே காலுக்கு ஒன் ஆயா பாத்துக்கிட்டிருந்த சீரியல்ல அந்த மாமியாக்காரி வாயத் தெறந்தவ தெறந்தபடியே நின்னுட்டா. நடுவுல வட்டமா ஒண்ணு சுத்துது. மோடத்தப் பாத்தேன், பச்சையா எரியுது. எதுத்த வூட்டுல கேட்டேன், அவங்களுக்கு நெட்டு வருது. செத்த நேரத்துல பெங்களூருலேருந்து ஒன் போனு. "தாத்தா, அங்க நெட்டு வருதா?" கேட்ட கொரலுலேயே தெரிஞ்சிபோச்சி, ஆடு திருடின கள்ளன் முழி.

நல்ல காரியந்தான்டா பண்ணின. ஒலகத்துல எந்தத் திருடனும் நம்ப வூட்டுக்குள்ள நொழையக் கூடாதுன்னு சொவரு எழுப்பின. எழுப்பி முடிச்சப்ப மொதல்ல வெளிய நின்னவன் நீ, ரெண்டாவது நாங்க. திருடன் வந்ததா எனக்குத் தெரியல. நெய்வேலி இந்திரா நகர் வூட்டுல அவன் எடுத்துட்டுப் போவ என்ன இருக்கு, என் பென்ஷன் புக்கா?

அப்பறம் வெசாரிச்சா, மிதக்கும் விதின்னு ஒண்ணு இருக்காம், நீ இங்க வச்ச பொட்டியில ஓடுற பிஎஃப்சென்ஸுங்கற ஃபயர்வால் சாஃப்ட்வேருல. ஒரு வாசலுக்குன்னு இல்லாம எல்லா வாசலுக்கும் ஒரே நேரத்துல சட்டம் போடுறது. நீ அதுல "எல்லாத்தையும் தடு"ன்னு எழுதி, கூடவே "குயிக்"குன்னு டிக்கு அடிச்சிப்புட்ட. அடிச்சா மத்த விதிய எல்லாம் படிக்காமலேயே அதோட முடிவு பண்ணிடும். சரி, இந்த மாதிரி அவசரக்காரப் பயலுவ வருவானுவன்னு தெரிஞ்சிதான் அதச் செஞ்சவன், வூட்டுக்காரனே வெளிய மாட்டிக்காம இருக்க ஒரு விதிய முன்கூட்டியே போட்டு வச்சிருக்கான். அதயும் நீ "தேவையில்ல"ன்னு போன தீவாளிக்கே அணைச்சிட்ட. தாழ்ப்பாளையும் புடுங்கி, சாவியையும் கெணத்துல போட்டவன் நம்ப வம்சத்துல நீ ஒருத்தன்தான்.

நீ சொல்லுவ, "தாத்தா, ஒனக்கு இதெல்லாம் புரியாது." புரியாதுதான். நான் நெய்வேலி கரிச் சொரங்கத்துல பம்பு பாத்தவன். தண்ணிக்குன்னு தோண்டப்போன ஜம்புலிங்க முதலியார் நெலத்துல 1930கள்ல கரி வந்துது, 1957 மே 20ல நேரு வந்து வேலய ஆரம்பிச்சி வச்சாரு, அது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. நெய்வேலியில மேல கெடக்குற மண்ணு எங்களுக்குப் பெரிய எதிரி இல்ல. அத வெட்டித் தள்ள ஜெர்மன் மிஷினு சக்கரத்துல வாளி கட்டிக்கிட்டு வந்துது. எதிரி கரிக்கி அடியில. அங்க தண்ணி, சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோ எட்டு கிலோன்னு மேல நெட்டித் தள்ளும். பம்பு நின்னுச்சின்னா சொரங்கத்தோட தரையே பொத்துக்கிட்டு வரும். அதனால ராவு இல்ல, பகல் இல்ல, பொங்கல் இல்ல. நீ முன்வாசலுக்கு இரும்புக் கேட்டு போட்ட, ஒன் காலுக்கடியில என்ன இருக்குன்னு பாக்கல.

அப்பிடிப்பட்ட பம்புக்கு ஒவ்வொரு மோட்டார் பக்கத்துலயும் ஒரு சின்ன சுவிட்சு இருக்கும். ஒரு பக்கம் "ரிமோட்டு", ஒரு பக்கம் "லோக்கல்". கன்ட்ரோல் ரூமுல ஒக்காந்து பட்டன் அமுக்குறவன் சட்ட கசங்காது. ஆனா நடுவுல கேபிள் போச்சின்னா, ஒருத்தன் மழையில நனஞ்சிக்கிட்டுப் போயி அந்தச் சுவிட்ச லோக்கலுக்குத் திருப்பணும். நீ பெங்களூருல ஒக்காந்து ரிமோட்டுல ஆட்டம் போட்ட. லோக்கலுக்கு யாருடா போவா? போனது நான்.

ஒன் பொட்டியப் பாத்தேன். சுவிட்சர்லாந்து பிசி எஞ்சின்ஸ் பொட்டி, கையகலம், ஃபேனு இல்ல, சத்தம் இல்ல. டிவி சொருவ எடம் இல்ல, கீபோர்டு சொருவினாலும் அது பேசறது நமக்குத் தெரியாது. பேசணும்னா ஒரே வழி பின்னாடி இருக்குற சீரியல் போர்ட்டு. ஒம்பது முள்ளு. மனுச ஒடம்புக்கும் வாசல் ஒம்பதுன்னு நம்ப பெரியவங்க சொல்லுவாங்க. இதுல ஒம்பதுல மூணுதான் நெசமா வேல செய்யுது. ரெண்டாம் நம்பரு கேக்கும், மூணாம் நம்பரு பேசும், அஞ்சாம் நம்பரு கிரவுண்டு. இந்த வயசுல எனக்கும் ஏறக்கொறைய அவ்வளவுதான் வேல செய்யுது, அதனால அது மேல எனக்கு ஒரு பாசம்.

பொட்டிய நெய்வேலியில வச்சவன், அதுக்குண்டான கேபிள மட்டும் ஞாபகமா பைக்குள்ள போட்டுக்கிட்டு பெங்களூருக்குப் போயிட்ட. டயர வூட்டுல வச்சிட்டு காருக்குள்ள ஸ்டெப்னி தேடறவன் இருக்கான், நீ ஸ்டெப்னிய அடுத்த மாநிலத்துல வச்சவன். நல்லவேள, என் டிரங்குப் பொட்டியில பழைய யுபிஎஸ்சுக்கு வாங்கின கேபிள் ஒண்ணு கெடந்துது. எந்தப் பழைய பொருளயும் தூக்கிப் போடாதன்னு நான் சொல்றப்பல்லாம் ஒன் ஆயா திட்டுவா. இப்ப அவ சீரியல மீட்டது அந்த டிரங்குப் பொட்டி.

ஒன் தங்கச்சிக்கு ஸ்கூலுல குடுத்த இலவச லேப்டாப்பு பரண்மேல கெடந்துது. அதுல பாஸ் லினக்ஸும் இருக்கு. யுஎஸ்பிய சீரியலா மாத்துற வாலு ஒண்ணு கடலூருல வாங்கியாந்தேன். கடக்காரப் பையன் மொதல்ல ஒரு சின்ன பச்ச போர்டு எடுத்துக் குடுத்தான், வெல பாதிதான். அது 3.3 வோல்ட்டு சமாச்சாரம். ஒன் பொட்டி பேசறது ஆர்எஸ்-232, 1960ல வந்த பேச்சு. அதுல மைனஸ் வோல்ட்டு வந்தா ஒண்ணு, பிளஸ் வந்தா சைபரு, ஒன் புத்தியாட்டம் எல்லாம் தலகீழ். அந்தப் பச்ச போர்ட நேரா சொருவியிருந்தா கருகின வாசன வந்திருக்கும். நாப்பது வருசம் பேனலுக்கு முன்னாடி நின்னவன வெல பாதின்னு சொல்லி ஏமாத்த முடியுமா?

சொருவினேன். ஒண்ணும் வரல. திரும்பவும் சொருவினேன். ஊமையாட்டம் கெடக்கு. அப்பறந்தான் ஒறச்சிது. என் கேபிளு நேர் கேபிளு. லேப்டாப்போட வாயி பொட்டியோட வாயில போயி ஒட்டிக்கிச்சி, காது காதோட. வாயோட வாயி வச்சா பேச்சு வராதுடா. அது வேற விஷயம், ஒனக்குக் கல்யாணம் ஆனப்பறம் தெரிஞ்சிக்குவ. வாயி காதுக்குப் போவணும், காதுக்கு வாயி வரணும். சால்டரிங் அயர்ன எடுத்து ஒரு முனையில ரெண்டையும் மூணையும் மாத்தி வச்சேன். இதுக்குக் கடையில நல் மோடம் கேபிளுன்னு தனி வெல.

மாத்தினதும் பேசிச்சி. ஆனா என்ன பேச்சு! கேள்விக்குறி, கோடு, வண்டு மொய்ச்சாப்புல. வேகம் ஒத்து வரல. நான் பழைய பழக்கத்துல 9600ன்னு வச்சேன். ஒன் பொட்டி 115200. சரியா பன்னெண்டு மடங்கு. ஒரு எழுத்துக்கு முன்ன ஒரு பிட்டு, பின்ன ஒரு பிட்டு, நடுவுல எட்டு, ஆக பத்து. கணக்குப் போடு, நொடிக்கி 11520 எழுத்து. ஒன் ஆயா கோவத்துல இருந்தா இதவிட கொஞ்சம் கூட. சீரியலுன்னா ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையா வர்றதுதான், அவ பாக்குறதும் அதத்தான், என்ன, அதுல ஒரு பிட்டு வர ஒரு வாரம் ஆவும்.

இங்க ஒண்ணு இடையில சொல்லிக்கிறேன். எதுத்த வூட்டுப் பையன் ஒன்னப் பாத்து பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர வாங்கி அவனும் சொவரு எழுப்பியிருக்கான். அவனுதுல சீரியல் வழியா மொதல்ல கடகடன்னு பேச்சு வருது, கர்னல் எல்லாம் வருது, அப்பறம் திடீர்னு மவுனம். செத்துப்போச்சுன்னு நெனச்சி கரண்ட புடுங்கிப் புடுங்கிச் சொருவினான். சாவலடா அது. பிஎஃப்சென்ஸுக்கு அடியில ஓடுற ஃப்ரீபிஎஸ்டியில ரெண்டு கன்சோல் வச்சா, கர்னல் ரெண்டு வூட்டுக்கும் சொல்லும். அதுக்கப்பறம் நடக்குறத மூத்த சம்சாரத்துக்கு மட்டுந்தான் சொல்லும். மூத்தவ யாருன்னு செட்டிங்ஸுல எழுதணும். இவன் மானிட்டர மூத்தவளா எழுதி, சீரியல் கிட்ட நின்னு காதத் தீட்டிக்கிட்டிருந்தான்.

நம்ப கதைக்கு வா. வேகத்த மாத்தினதும் மெனு வந்துது. பதினஞ்சாம் நம்பரு, பழைய செட்டிங்கத் திரும்ப எடுக்கறது. அமுக்கினா, மாத்தினது ஒவ்வொண்ணும் வரிசையா நிக்குது, நாள், நேரம், மாத்தின ஆளு பேரு உட்பட. வெள்ளிக்கெழம ராத்திரி 9.12க்கு ஒன் கைவரிசை. பஞ்சாயத்துல சாட்சி வேற எதுக்கு? அதுக்கு முந்தினதா ஒண்ண எடுத்தேன், ரீபூட் பண்ணினேன், மாமியாக்காரி வாய மூடினா.

ஒனக்குன்னு ரெண்டு சேதி வச்சிருக்கேன், கோவப்படாம கேளு. மூணு கம்பி மட்டும் கட்டின கேபிள்ல, நீ புடுங்கிட்டுப் போனது பொட்டிக்குத் தெரியாது. ஷெல்லத் தெறந்துபோட்டுட்டு கெளம்பினா அடுத்தவன் வந்து சொருவுறவரைக்கும் அது தெறந்தபடியே காத்துக்கிட்டு நிக்கும், காலை நேரத்து எருமையாட்டம். ரெண்டாவது, நீ போனுல சொன்னியே, "ஒரு சின்ன கம்ப்யூட்டர அந்த சீரியல்ல மாட்டி வச்சா நான் இங்கேருந்தே பாத்துக்குவேன்"னு. பேஷா மாட்டு. அந்தச் சின்னதுக்கு நெட்டு எங்கேருந்துடா வரும்? இதே பொட்டி வழியா. கெணத்துல விழுந்தவனத் தூக்க கயித்த எடுத்துக்கிட்டு அதே கெணத்துல குதிக்கிற ஐடியா. தனியா ஒரு சிம் கார்டு போட்டு அதுக்கு வேற வழி குடு, அப்ப பேசுவோம்.

கேபிள பொட்டியோட கட்டி, வேகத்த சாணித் தாள்ல எழுதி மேல ஒட்டியாச்சி. ஒன் கைய நம்பி இல்ல, என் மறதிய நம்பி.

இன்னொண்ணு. அந்த மெனுவுக்கு நீ பாஸ்வேர்டே போடாம வச்சிருந்த. கேபிளு வச்சிருக்குறவன் எவனும் உள்ள வரலாம், அது எனக்கு நல்லதாப் போச்சி. ஆனா அது ஆபத்தாமே, நீயே ஒருநாள் சொல்லியிருக்க. அதனால மூணாம் நம்பர அமுக்கி அட்மின் பாஸ்வேர்ட ரீசெட் பண்ணி, அப்பறம் வெப் பக்கத்துக்குப் போயி புதுசா ஒண்ணு வச்சி, அங்கேயே மெனுவுக்கும் பூட்டு போட்டுட்டேன். புது பாஸ்வேர்டு போனுல சொல்றது பாதுகாப்பு இல்ல, அதுவும் நீ சொன்னதுதான். கொல்லையில நாலு பலா பழுக்கற பக்குவத்துல நிக்குது. வண்டிய புடிச்சி வா. காதுல சொல்றேன்.