கொழுந்து லொறிக்கு என்ன விலை?

பதுளையில் பெயின்ட்டைப் பார்த்து ஏமாறுகிற ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். 2020-ல் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 வரை அந்தக் கேட் திறக்கவில்லை. அவ்வளவு காலமும் நாட்டில் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஒவ்வொரு கைமாறலுக்கும் முந்தின இரவு ஒரு புதுக் கோட். விளைவு, பசறை ரோட்டில் டிமோ பட்டா என்கிற குட்டி லொறி வாங்கப் போகிற எவரும் முதலில் எஞ்சினைப் பார்ப்பதில்லை. கதவு ரப்பரை இழுத்து, உள்ளே பழைய நிறம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சில பேர் சட்டைப் பையில் காந்தத்தோடு வருகிறார்கள். பட்டி பூசி நிரப்பின இடத்தில் காந்தம் ஒட்டாது.

இப்பேர்ப்பட்ட ஊரில்தான் என் தங்கச்சி மகன் சின்னவன், பெயின்ட் மாற்றிய ரோபோ ஒன்றை விற்கக் கிளம்பினான்.

லொறியாக இருந்து ரோபோவாக எழுந்து நிற்கிற பொம்மை. உலகம் அதை ஒப்டிமஸ் பிரைம் என்று அறியும். சிவப்பும் நீலமும் அதன் அடையாளம். சின்னவன் அதைத் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஆக்கியிருந்தான். முன்பக்கம் வெளிறிய பச்சை. மட்கார்டில் காய்ந்த சேறு மாதிரி பழுப்புப் புள்ளிகள். பின்னால் தொங்கும் கொழுந்துச் சாக்குகூட உண்டு, பழைய காற்சட்டைத் துணியில் தைத்தது. முன் கண்ணாடிக்கு மேலே ‘ஓம் முருகா’ என்று மஞ்சளில் எழுத்து. லொறியாக நிற்கும்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. ரோபோவாக மாற்றினால்தான் வினை: கண்ணாடி இரண்டாகப் பிரிந்து, வலது மார்பில் ‘ஓம்’, இடது மார்பில் ‘முரு’. மிச்சமிருந்த ‘கா’ கக்கத்துக்குள் போய்விட்டது.

“சாமி பேரைக் கொண்டுபோய்க் கக்கத்துல வச்சிருக்கியேடா” என்று தங்கச்சி ஒரு பாட்டம் அழுதாள். கதிர்காமமும் எங்கள் ஊவா மாகாணத்தில்தான் இருக்கிறது என்பது அவளுடைய கூடுதல் கவலை.

கொழும்பில் யாரோ ஒரு பையன் வாங்கக் கேட்டானாம். “மாமா, என்னா விலை சொல்லலாம்?” என்று சின்னவன் என்னிடம் வந்தான். நான் பள்ளிக்கூட வாத்தியார். குடும்பத்தில் எதற்கும் மதிப்பெண் போடுகிறவன் நான்தான் என்று ஒரு பேர்.

முதலில் அவனுக்குத் தைரியம் வரட்டும் என்று கொஞ்சம் சரித்திரம் சொன்னேன். இந்த வம்சமே பெயின்ட் மாற்றிப் பிழைத்த வம்சம். ஜப்பானில் டக்காரா என்ற கம்பனி டயாக்லோன் முதலிய பெயர்களில் விற்ற பொம்மைகள் இவை. 1984-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அவற்றை எடுத்துப் புதுக் கதையும் பெயரும் கொடுத்து ‘டிரான்ஸ்ஃபோர்மர்ஸ்’ என்று சந்தைக்கு விட்டது. பெயர்களில் பெரும்பாலானவற்றை வைத்தவர் மார்வெல் கொமிக்ஸில் இருந்த பொப் புடியான்ஸ்கி. ஸ்டார்ஸ்கிரீம், ஸ்கைவார்ப், தண்டர்கிராக்கர் என்று மூன்று பொல்லாத விமானங்கள் வரும். மூன்றும் ஒரே அச்சில் வார்த்த எஃப்-15; நிறம் மட்டும் வேறு. நம்ம ஒப்டிமஸுக்கே ஒரு கறுப்புப் பதிப்பு உண்டு, குணத்தில் நேர் எதிர். அச்சு ஒன்று, வில்லனாவதற்குச் செலவு ஒரு டின் கறுப்பு.

“அப்போ நான் செஞ்சது தப்பில்லதானே?” என்றான்.

“தப்பில்ல. ஆனா அவங்க பெயின்ட்டை நம்பல” என்றேன். ஃபெக்டரியில் பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலேயே சாயத்தைக் கலந்து வார்த்துவிடுவார்கள். மேலே பூசுவது கண், முத்திரை, கோடு மாதிரியான சில்லறை இடங்களுக்குத்தான். காரணம் சுலபம். மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் தகடு தகட்டோடு உரசும், பூச்சு உரிந்துவிடும். கையால் பெயின்ட் மாற்றுகிறவர்கள் முதலில் உரசுகிற இடங்களை உப்புத்தாளால் மெலிதாகத் தேய்த்து, பிரைமர் அடித்து, தண்ணியாகப் பல கோட் கொடுக்க வேண்டும். சின்னவன் செய்தது அவசரத்தில் ஒரே தடித்த கோட். இடது முழங்காலை மடக்கினால் பச்சை செதிள் செதிளாக வருகிறது. புகைக்குழாய் இன்னும் ஒட்டுகிறது. ரப்பர் மாதிரி வளைகிற பிளாஸ்டிக்கில் ஸ்ப்ரே அடித்தால் அப்படித்தான்: அதை இளக்கி வைக்கக் கலந்த எண்ணெய் மேலே கசிந்து பெயின்ட்டைக் காயவிடாது.

விலைக்கு முன் இன்னொரு கருத்தும் வேண்டும் என்று டவுனில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற, தெரிந்த ஸ்ப்ரே பாஸிடம் கொண்டுபோனோம். கையில் வாங்கிய பாஸ் பொம்மையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேரே ஒரு கையைத் தூக்கிக் கக்கத்தைப் பார்த்தார். கதவு ரப்பருக்குப் பின்னால் பார்த்துப் பழகிய கண்.

“சேர், உள்ளுக்கு சிவப்புத் தெரியுது. இது ரெண்டாவது அடி.”

“தெரியும் பாஸ். விற்கிறவங்களே சொல்லித்தான் விற்கிறாங்க.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். ரீபெயின்ட் என்று சொல்லி விற்கிற வியாபாரம் அவர் சர்வீஸில் இதுவரை வந்ததில்லை போலும். பிறகு சேற்றுப் புள்ளியை நகத்தால் சுரண்டினார். “இதை மட்டும் நல்லா செஞ்சிருக்கான். நாங்க சேத்தைக் கழுவத்தான் காசு வாங்குறோம்.”

வீட்டுக்கு வந்தால் பெரியப்பா காத்திருந்தார். பெரியப்பா ஓய்வுபெற்ற டீமேக்கர். உலகத்தில் எதையும் அவர் டீ ருசிபார்க்கிற முறையில்தான் மதிப்பிடுவார். எனக்குப் பெண் பார்க்கப் போனபோதும் ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டவர். ருசி பார்க்கிற அறைக்கு வடக்கு வெளிச்சம் வேண்டும் என்பது தொழில் விதி. ஆகவே ரோபோ வடக்கு ஜன்னலோரம், வெள்ளைத் தாளில், மல்லாக்கப் படுக்க வைக்கப்பட்டது. (இந்த ஒழுங்கைக் கிண்டல் செய்ய நான் ஆளில்லை. டீ போடுவது எப்படி என்று ஆறு பக்கத்துக்கு விதி எழுதியதற்காக 1999-ல் பிரிட்டிஷ் தரக்கட்டளை நிறுவனத்துக்கு இக் நோபல் கொடுத்து உலகமே சிரித்தாகிவிட்டது. பெரியப்பா சிரிக்கவில்லை. ஆறு பக்கம் போதாது என்றார்.)

முதலில் காய்ந்த தூளைப் பார்ப்பதுபோல் மேல்தோற்றம். பிறகு ஊறிய இலையைப் பார்ப்பதுபோல் உள்பக்கம். மூன்றாவது கட்டத்தில் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். அங்கே மட்டும் நான் தடுத்துவிட்டேன். பெயின்ட்டில் ஈயம் இருந்தால்? 2007-ல் மேட்டல் கம்பனியே அந்த ஒரு காரணத்தால் லட்சக்கணக்கான பொம்மைகளைத் திருப்பிக் கூப்பிட்டது.

உறிஞ்சுவதற்குப் பதிலாகப் பெரியப்பா மூட்டுகளை ஆட்டினார். தோள், இடுப்பு, கணுக்கால். லொறியாக்கினார், ரோபோவாக்கினார். பச்சைத் தூள் வெள்ளைத் தாளில் கொட்டியது.

“மூட்டு ஒண்ணாந்தரம். கலர் டஸ்ட்டு.”

“நான் கலருக்குத்தானே தாத்தா காசு கேக்கிறேன்” என்று சின்னவன் முனகினான்.

அங்கேதான் பெரியப்பாவுக்கு வேகம் வந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது தோட்டத்து வாசலில் இங்கிலீஷ் கம்பனி போர்ட். 1975-ல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. போர்டில் ஜனவசம என்ற அரசாங்கச் சபையின் பெயர் வந்தது. 1992-ல் நிர்வாகத்தை மறுபடி கம்பனிகளிடம் கொடுத்தார்கள். போர்ட் மறுபடி மாறியது, இந்தத் தடவை லோகோவோடு. “ஒவ்வொரு தரமும் எங்களை வரிசையா நிக்க வச்சி, இது புதுத் தோட்டம்னானுங்க. நான் போயி லயத்துக் கதவைத் தள்ளிப் பாப்பேன். அதே கீலு, அதே சத்தம். போர்டுக்குத்தான்டா பெயின்ட் அடிச்சானுங்க.”

பொம்மை சேகரிப்பவர்கள் இரவெல்லாம் விவாதிக்கிற கேள்வி இது: வந்திருப்பது புது அச்சா, பழைய அச்சில் புது நிறமா? பெரியப்பா அதைக் கீல் சத்தத்தில் தீர்த்துவைத்தார். என் கட்சியும் அதுதான். சின்னவனுக்கு மூட்டுக்கு எண்பது, பூச்சுக்கு முப்பத்தைந்து, சேற்றுக்கு நூறு என்று மதிப்பெண் போட்டேன். தங்கச்சி கக்கத்துக்காக இருபது குறைக்கச் சொன்னாள். குறைத்தேன். வீட்டில் நிம்மதி முக்கியம்.

விலை முடிவாகி, எல்லாப் பக்கமும் படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினான். இரவே பதில் வந்தது. பையனுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. சொன்ன விலைக்கே எடுப்பானாம். ஒரே ஒரு கண்டிஷன்: பச்சையை எடுத்துவிட்டு, ஒரிஜினல் சிவப்பும் நீலமும் அடித்துத் தர வேண்டும்.

மறுநாள் சின்னவன் மறுபடி பாஸிடம் ஓடினான். அவர் கக்கத்தை இன்னொரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “நீலத்துக்குத்தான் தம்பி காசு. சிவப்பு ஏற்கனவே உள்ளுக்கு இருக்குதானே.”