டோக்கன் கையில், பத்திரம் யார் பெயரில்?

கேள்வி: வீட்டைத் துண்டு துண்டாக டோக்கன் போட்டு பிளாக்செயினில் விற்கிறார்களாமே! வாங்கினால் வீட்டுக்காரர் ஆகிவிடலாமா?

பதில்: முடியாது, பங்குதாரர்தான் ஆகலாம். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 'ரியல் டி' நிறுவனம் இப்படித்தான் விற்றது. வீட்டுப் பத்திரம் ஒரு எல்.எல்.சி. கம்பெனியின் பெயரில் இருக்கும். டோக்கன் வாங்கியவருக்கு அந்தக் கம்பெனியில்தான் பங்கு. சுமார் 50 டாலர் இருந்தால் போதும், வாசற்படியை மிதிக்காமலே வாங்கிவிடலாம்.

வாடகை வந்து விழும்வரை எல்லாம் சுகம். கூரை ஒழுகினால் பிளாக்செயின் ஏணி தூக்கிக்கொண்டு வராதே! 2025 ஜூலையில் நகராட்சி அந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 400-க்கும் மேற்பட்ட வீடுகள் பராமரிப்பின்றிக் கிடக்கின்றன என்பது புகார். முதலில் நனைபவர் முதலீட்டாளர் அல்ல, குடியிருப்பவர். சட்டம் முதலில் காக்க வேண்டியதும் அவரைத்தான்.

'இது வெறும் டோக்கன், பங்கு அல்ல' என்ற வாதமும் அமெரிக்காவில் எளிதில் எடுபடாது. ஃப்ளோரிடாவில் ஆரஞ்சுத் தோப்பைக் கீற்றுக் கீற்றாக விற்று, பராமரிப்பையும் விற்றவர்களே ஏற்றுக்கொண்ட ஹோவி வழக்கில், 1946-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது: பிறர் உழைப்பில் லாபம் எதிர்பார்த்துப் பணம் போட்டால் அது முதலீட்டு ஒப்பந்தம். ஆகவே பங்குச் சந்தைச் சட்டம் பொருந்தும்.

லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாடு 2020 ஜனவரியில் டோக்கன்களுக்கெனத் தனிச் சட்டமே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டோக்கனுக்குப் பின்னால் பொருள் உண்மையில் இருக்கிறதா, உரிமை கைக்கு வருமா என்று பார்க்க அங்கே ஒரு சரிபார்ப்பாளர் உண்டு. தவறினால் அவரே ஜவாப்தாரி.