நெவில் நெவில் பெற்ற பிள்ளைகள்

இங்கிலாந்தின் பரி நகரை அடுத்த சின்னக் கிராமம் கிரீன்மவுண்ட். அங்கே நெவில் நெவில் என்றொருவர் லீக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார். அச்சுப்பிழை இல்லை. பெற்றவர்கள் வேறு பெயர் தேடி அலையவில்லை, அவ்வளவுதான். அவருடைய மகன்கள் கேரியும் ஃபில்லும் அதே கிரீன்மவுண்ட் கிளப்பில் மட்டை பிடித்தார்கள். பிற்பாடு மான்செஸ்டர் யுனைடெட்டின் தடுப்பாட்டக்காரர்கள் என்று உலகம் அறிந்த அதே நெவில் சகோதரர்கள்தான்.

அந்தப் பக்கத்து லீக்குகளில் ஒரு வழக்கம் உண்டு. வாரநாளில் பிழைப்பைப் பார்த்துவிட்டு வாரக்கடைசியில் பேடு கட்டும் உள்ளூர்க்காரர்கள் நடுவே, சம்பளம் கொடுத்து ஒரே ஒரு தொழில்முறை ஆட்டக்காரரை வைத்துக்கொள்வார்கள். அநேகமாக வெளிநாட்டு இளைஞர். 1992-ல் கிரீன்மவுண்ட் பிடித்துவந்தது குவீன்ஸ்லாந்திலிருந்து ஓர் இருபது வயதுப் பையனை. பெயர் மேத்யூ ஹேடன். முதல் டெஸ்ட் ஆட இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸுக்கு முங்கூஸ் மட்டையோடு வந்து மிரட்டினாரே, அவரேதான்.

ஆஸ்ட்லி பிரிட்ஜ் அணியோடு ஆட்டம். ஒரு முனையில் ஹேடன், மறுமுனையில் பதினேழு வயது கேரி. பந்து போட்டவர்களின் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். ஆஸ்திரேலியாக்காரன் ஒரு ரன் ஓடி எதிர்முனைக்குப் போனால் மூச்சு விடலாம், இந்தப் பொடியனை ஒரு கை பார்க்கலாம் என்றுதானே கணக்குப் போட்டிருப்பார்கள்? பொடியன் 110 அடித்தான். ஹேடன் 140. இருவரையும் கடைசிவரை பிரிக்க முடியவில்லை. கூட்டாகச் சேர்த்தது 236. சம்பளம் வாங்கியவர் அடித்ததையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஓசியில் ஆடிய பையனும் அடித்தால் எங்கே போய் முறையிடுவது?

அதே செப்டம்பரில் கேரி மான்செஸ்டர் யுனைடெட்டுக்காகக் களமிறங்கிவிட்டார். அங்கே 602 ஆட்டம், 7 கோல். இங்கிலாந்துக்காக 85 ஆட்டம், கோல் பூஜ்யம். கையிருப்பு முழுவதையும் ஆஸ்ட்லி பிரிட்ஜ்காரர்கள் தலையில் கொட்டிவிட்டார் போல. தடுப்பாட்டக்காரரிடம் போய்க் கோல் கேட்கலாமா என்று யுனைடெட் பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

உண்மையில் கிரிக்கெட்டில் தம்பி ஃபில்தான் அண்ணனைவிடக் கெட்டிக்காரர். பதினைந்து வயதுக்குட்பட்ட இங்கிலாந்து அணிக்குக் கேப்டன். கால்பந்துதான் வேண்டுமென்று போனார். 2000 யூரோ கோப்பையில், ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ருமேனியாக்காரரை இடறிவிட்டுப் பெனால்டி கொடுத்து, இங்கிலாந்தை மூட்டை கட்ட வைத்தார். கிரிக்கெட்டிலேயே இருந்திருந்தால் ருமேனியா என்றொரு அணியை ஆயுசுக்கும் சந்தித்திருக்க வேண்டியதில்லை.

ரெண்டு பக்கமும் கால் வைத்த முந்தைய தலைமுறைக்காரர் ஜெஃப் ஹர்ஸ்ட். கிராமத்தோடு நிற்காமல் 1962-ல் எஸ்ஸெக்ஸ் கவுண்டிக்கே ஆடினார், ஒரே ஒரு முதல்தர ஆட்டம். முதல் இன்னிங்ஸில் முட்டை, ஆட்டமிழக்கவில்லை. இரண்டாவதிலும் முட்டை, இம்முறை முறையாக ஆட்டமிழந்தார். நாலு வருஷம் கழித்து கால்பந்து உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக மூன்று கோல் போட்டவரும் இவர்தான். அதில் இரண்டாவது, குறுக்குக்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. அந்த ஒரே முதல்தர ஆட்டத்தில் ஒரு பந்தைக்கூட எல்லைக்கோட்டுக்கு அனுப்பாத மனிதர், இங்கே மட்டும் கோட்டைத் தாண்ட வைத்துவிட்டாரா என்று ஜெர்மானியர்கள் இன்னும் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.