கம்பளமும் ரெக்ஸினும்

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில், ராட்டினத்துக்குப் பின்னால், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் லங்கர் கட்டைக்காரர் ரெக்ஸின் விரிப்பார். ஆறு கட்டம், ஆறு படம். டப்பாவில் மூன்று கட்டைகளைக் குலுக்கி, "வை ராஜா வை! ஒண்ணு வச்சா ரெண்டு!" என்பார். கற்பூரம் வாங்கக் கொடுத்த காசில் பாதியை நான் கிரீடத்தில் வைத்தேன். அன்று கிரீடம் விழவே இல்லை.

அவரை எத்தன் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு கணக்குப் போட்டதும் தெரிந்தது, ஏமாற்ற அவசியமே இல்லை. ஆறு பேர் ஆளுக்கொரு படத்தில் ஒரு ரூபாய் வைத்தால், மூன்று கட்டையும் வேறுவேறாக விழும்போது தோற்ற மூவரின் காசு ஜெயித்த மூவருக்குப் போகும். ஜோடி விழுந்தால், அந்தப் படத்துக்கு இரட்டிப்பாகக் கொடுத்த பிறகும் அவருக்கு ஒரு ரூபாய் மிஞ்சும். மூன்றும் ஒன்றானால், மும்மடங்கு கொடுத்த பிறகும் இரண்டு. சராசரியாக 100 ரூபாய்க்கு 8 ரூபாய். தொண்டை கிழியக் கத்தியதற்குக் கூலி.

போன வருடம் மகனைப் பார்க்க சிங்கப்பூர் போனேன். 2010இல் திறந்த மெரினா பே சாண்ட்ஸ் சூதாட்டக் கூடத்தில், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நுழையவே 150 வெள்ளி கட்ட வேண்டும், 24 மணி நேரத்துக்கு. வருடத்துக்கென்றால் 3,000. சொந்த ஜனம் கெட்டுவிடக் கூடாதே என்ற கரிசனம்! வெளிநாட்டான் கெட்டால் பாதகமில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினேன், இலவசமாக விட்டார்கள். நிரந்தரவாசியான மகன் வெளியே நின்றுகொண்டான்.

உள்ளே மெத்தென்ற கம்பளம், குளுகுளு காற்று, காசில்லாத காபி. ஒரு மேசையில் கண்ணாடிக் கூண்டுக்குள் மூன்று கட்டைகள் குலுங்கின. பெயர் சிக் போவாம். படத்துக்குப் பதில் புள்ளி. மற்றபடி நம் லங்கரின் பங்காளிதான். "வை ராஜா" என்று யாரும் கத்தவில்லை. அந்த வேலையைக் கம்பளமும் காபியும் பார்த்துக்கொண்டன. ஜன்னல் இல்லை. கடிகாரம் என் கண்ணில் படவில்லை.

அன்று கற்பூரக் காசில் மீதிப் பாதி தப்பியதற்குக் காரணம், திடீரென்று கேட்ட போலீஸ் விசில். ரெக்ஸினைச் சுருட்டிக்கொண்டு அவர் ஒரு பக்கம் ஓட, நான் மறுபக்கம் ஓடினேன். இங்கே சீருடைக்காரர்கள் மேசைக்குத்தான் காவல்.

சட்டைப்பையில் செல்போன் அலறியது. "எங்கப்பா இருக்கீங்க? ரெண்டு மணி நேரமாச்சு!"

இருபது நிமிடம்தான் ஆகியிருக்கும் என்று நினைத்திருந்தேன். மிச்சமிருந்த 20 வெள்ளியோடு ஓடினேன்.