ஷெட்டோடு ஒட்டிய வீடு

கார் வைத்திருப்போர் வேறு, கார்ப் பிரியர் வேறு என்ற பாகுபாட்டை ஏற்றுக்கொண்ட பிறகே, பின்னவர் எதில் செலவிடுகிறார், எந்த ஊரில் குடியிருக்க ஏங்குகிறார் என்பதை ஆராயப் புகுவது முறையாகும். முன்னவருக்குக் கார் என்பது அன்றாடம் அலுவலகத்துக்கும் ஆண்டுக்கொரு முறை குலதெய்வக் கோயிலுக்கும் கொண்டுபோய் விடும் வாகனம். பின்னவருக்கோ அலுவலகம் என்பது காருக்காகச் சம்பளம் தரும் இடம், குலதெய்வக் கோயில் என்பது நல்ல வளைவுகள் கொண்ட சாலையின் முடிவில் முன்னோர்கள் தொலைநோக்கோடு எழுப்பிவிட்டுப் போன கட்டடம். கல்யாண வீட்டில் புது வண்டியைச் சுற்றி வரும் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" என்ற கேள்விக்கு முன்னவர் பெருமையோடு ஓர் எண்ணைச் சொல்வார், பின்னவர் "சரியாப் பார்க்கலை, சித்தப்பா" என்று சொல்லி, இரண்டாம் பந்தி தொடங்கிவிட்டதை நினைவூட்டுவார். அவர் பார்க்காமல் இல்லை, பார்த்ததனால்தான் சொல்வதில்லை.

கார்ப் பிரியரின் பொருளியல் தேய்மானத்தை அடித்தளமாகக் கொண்டது. காப்பீட்டுத் துறையில் ஐ.டி.வி. எனப்படும் தொகை, அதாவது வண்டி களவு போனாலோ முற்றாகச் சிதைந்தாலோ நிறுவனம் தர ஒப்புக்கொள்ளும் உச்ச மதிப்பு, ஓராண்டு ஆவதற்குள் 15 சதவீதமும் ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதமும் கழித்துக் கணக்கிடப்படுகிறது. இந்த அட்டவணையைக் கண்டு புது வண்டிக்காரர் பெருமூச்சு விடுகையில், கார்ப் பிரியர் அதில் ஒரு சேமிப்புத் திட்டத்தைக் காண்கிறார்: ஐந்தாண்டு ஓடிய வண்டியை வாங்குபவர் பாதி விலையை மிச்சம் பிடிக்கிறார், அவ்வாறு நான்கு வண்டி வாங்கினால் இரண்டு புது வண்டியின் விலை மிச்சம். மிச்சம் பிடித்த அந்தப் பணம் எந்த வங்கியில் இருக்கிறது என்ற கேள்வியை மனைவிமார் மட்டுமே எழுப்புகின்றனர். பொருளியல் அறிஞர்கள் எழுப்பியதில்லை.

இத்திட்டத்தின் உச்சம் டெல்லி வண்டி. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டு, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தபின், அங்கே விலை சரிந்த ஜெர்மன் டீசல் கார்கள் பல தென்னாட்டுக்குப் பெயர்ந்து வந்தன. ஒரு மாருதி ஆல்டோவின் விலைக்குப் பென்ஸ் கிடைக்கிறதே என்று வாங்கி வந்தவர், என்.ஓ.சி. எனப்படும் தடையின்மைச் சான்றுக்கு அலைந்து, இங்கே மீண்டும் வரி கட்டி, எண்ணை மாற்றி ஓட்டத் தொடங்கும்போதுதான், வண்டியின் விலை ஆல்டோ அளவுக்கு இறங்கினாலும் அதன் ஏர் சஸ்பென்ஷனின் விலை பென்ஸ் அளவிலேயே நின்றுவிட்டதை அறிகிறார். முன்பக்கம் ஒருபுறம் மட்டும் தாழ்ந்து, மாடு படுக்கத் தொடங்கியதைப் போல் அது தெருவில் நிற்கும் காட்சியைச் சென்னையிலும் கோவையிலும் காணலாம்; உரிமையாளர் அதனை "பார்க்கிங் மோடு" என்று அக்கம்பக்கத்தாருக்கு விளக்குவதுண்டு.

வரியும் குடியிருக்கும் ஊரும் இந்த இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன. தமிழ்நாட்டில் புதுக் காருக்கு ஒரே தவணையில் செலுத்தும் ஆயுட்கால வரி, 2023 நவம்பர் முதல், ஐந்து லட்சம் வரையிலான வண்டிக்கு 12 சதவீதத்தில் தொடங்கி, இருபது லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 20 சதவீதம் என்று படிப்படியாக ஏறுகிறது. புதுச்சேரியில் இச்சுமை மிகக் குறைவு. பெட்ரோலும் சற்று மலிவு. ஆகவே அரவிந்தர் ஆசிரமத்தையோ கடற்கரையையோ ஒருநாளும் எட்டிப் பார்க்காத செல்வந்தர் பலருக்கு, புதுச்சேரியில் வாழ வேண்டும் என்ற ஏக்கம் விலை உயர்ந்த கார் வாங்கும் வாரத்தில் மட்டும் பொங்கி எழுவதுண்டு. ஒரு வண்டி பிற மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கினால் அங்கேயே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் கூறுவதால், பதினோராவது மாதத்தில் இவ்வேக்கம் மறுபடியும் தலைதூக்கும். வாடகை ஒப்பந்தத்தில் மட்டும் குடியிருந்து, கனவிலும் அங்கே தூங்காத இவர்களைப் புதுச்சேரிவாசிகள் என்பதா என்பது சமூகவியலார் தீர்க்க வேண்டிய வழக்கு. போக்குவரத்துத் துறையினர் தம் பங்குக்குத் தீர்த்துவிட்டனர்.

செல்வந்தரல்லாத கார்ப் பிரியரின் யாத்திரைத் தலம் எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டை. கழித்த வண்டிகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, கதவு, கண்ணாடி, கியர் பாக்ஸ் என்று இனம் பிரித்து அடுக்கி விற்கும் இச்சந்தையில், 1984 முதல் 2002 வரை உற்பத்தியான கான்டெஸாவின் பின்விளக்குக்காக ஒருவர் காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்குகிறார் என்று கொள்வோம். கடைக்காரர் கிரீஸ் படிந்த சாக்குக்குள் கைவிட்டு எடுத்துத் தருவது இடப்பக்க விளக்கு. இவருக்கு உடைந்திருப்பது வலப்பக்கம். ஆயினும் இடது விளக்கும் என்றாவது ஒருநாள் உடையத்தான் போகிறது என்ற தெளிவோடு, பேரம் பேசி, அதை வாங்கிச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வருவார். வீட்டுக் கணக்கு நோட்டில் "வண்டிச் செலவு" என்ற தலைப்பின் கீழ் பெட்ரோல் மட்டுமே இடம்பெறும். விளக்கு "இதர" என்பதில் அடங்கும். ஷாக் அப்சார்பர், கிளட்ச் பிளேட் போன்றவை அலுவலக முகவரிக்குக் கூரியரில் வருவதால் நோட்டிலேயே ஏறா. மேசைக்கடியில் பம்பரை மறைத்து வைத்துக்கொண்டு தணிக்கை அறிக்கை எழுதும் அலுவலரின் மனவுறுதி தனியே பாராட்டத் தக்கது.

இவர்கள் ஏங்கும் வண்டிகளுள் சென்னைக்கே உரிய ஒன்றைச் சுட்டாமல் விட முடியாது. வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு தொழிற்சாலை 1985இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000, பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 என்ற நவீன காரின் உடலுக்குள் 1940களின் இறுதியில் பிறந்த ஸ்டாண்டர்டு வேன்கார்டு வழிவந்த எஞ்சினை வைத்துத் தைக்கப்பட்டது. விலையோ அதிகம், வேகமோ குறைவு, பெட்ரோல் தாகமோ அடங்காதது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. வாங்கியவர்கள் அன்று நொந்துகொண்ட அதே வண்டியை இன்று ஒருவர் தேடிக் கண்டுபிடித்துவிட்டால், நண்பர்கள் நேரில் சென்று கைகுலுக்குகின்றனர்.

இனிக் குடியிருப்பு. சம்பளமும் புதுப்பேட்டையும் ஒருங்கே அமைந்த சென்னை, காரை வைத்திருக்க மட்டும் ஏற்ற ஊரன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்து வீடு வாங்கியவரின் வண்டியை உப்புக் காற்று கதவின் அடி விளிம்பிலிருந்து தின்னத் தொடங்கும். நகருக்குள் அடுக்ககத்தில் கவர்டு பார்க்கிங் கிடைத்தவரின் வண்டியை எலி தின்னும். ஒயரிங்கைக் கடிக்கும் அதனை விரட்ட பானெட்டுக்குள் புகையிலையைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் பரவலாக உள்ளதால், வெற்றிலை போடும் பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே கடையில் கணக்கு இருப்பது இப்போது வியப்புக்குரியதன்று. எலிக்கும் உப்புக்கும் தப்பியதை வடகிழக்குப் பருவமழை பார்த்துக்கொள்கிறது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப் போல் அமுங்காது. அந்நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சின் வீணாகும். ஹைட்ரோலாக் எனப்படும் இவ்விபத்து வழக்கமான முழுக் காப்பீட்டில் பொதுவாக அடங்காது. எஞ்சின் புரொடெக்ட் என்ற சேர்க்கைக்குத் தனியாகக் கட்டியிருக்க வேண்டும் என்ற செய்தியை 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல்லாயிரவர் ஒரே வாரத்தில் கற்றனர். 2023இல் மிக்ஜாம் புயல் அதே பாடத்தை மறுமுறை நடத்தியது. விளைவாக, 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிவாசிகள் தம் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினர். கோடி ரூபாய் கொடுத்துத் தரைத்தளத்தில் வீடு வாங்கியவர்களும் அவ்விரவில் பொறாமையோடு பார்த்தது பாலத்தின் உச்சியில் இடம் பிடித்த ஒரு பழைய வேகன்ஆரையே.

ஆகவேதான் தமிழ்நாட்டுக் கார்ப் பிரியரின் கனவு மேற்கு நோக்கிப் போகிறது. கோயம்புத்தூரில் கடல் இல்லை. தட்பவெப்பம் தகரத்துக்கு இதமானது. கிடைக்காத உதிரி பாகத்தின் உடைந்த துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பம்ப்பும் மோட்டாரும் செய்து கைதேர்ந்த லேத் பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்பார். பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்து, மாருதி எஞ்சின் பூட்டிய பந்தய வண்டிகளை உருவாக்கி இளைஞர்களை ஓட்ட வைத்த எஸ். கரிவரதன் இவ்வூரினர், 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தபின், செட்டிபாளையத்தில் அமைந்த பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளும், உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36உம், சற்றுத் தள்ளிக் கொல்லிமலையில் 70உம் உள்ளன. அறுபடை வீடு அறியாத பிள்ளைகளும் இவ்வெண்களைப் பிழையின்றி ஒப்பிப்பர். குறை ஒன்று உண்டு: எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமாக உள்ள ஊராதலால், திங்கட்கிழமை வாங்கிய நான்கு அலாய் வீலின் விலை புதன்கிழமைக்குள் மாமனாருக்குத் தெரிந்துவிடும்.

அங்கே கட்டப்போகும் வீட்டின் வரைபடத்தைக் கார்ப் பிரியர் பல்லாண்டுகளாகத் திருத்தி வருகிறார். வண்டியைத் தூக்கி நிறுத்தும் இரட்டைத் தூண் லிஃப்ட்டுக்குப் பன்னிரண்டடி உயரமாவது வேண்டும் என்பதால் தரைத்தளம் முழுவதும் ஷெட்டாகிறது. கம்ப்ரஸருக்கு ஓர் அறை, டயருக்கு ஓர் அறை. வாஸ்து சொல்பவர் கார் ஷெட்டுக்கு வாயு மூலையைக் காட்டினால், எட்டு மூலையும் வாயு மூலையாக அமையும் மனை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். ஒவ்வொரு திருத்தத்திலும் சமையலறை ஓரடி சுருங்கி, இப்போது மாடிப்படியின் திருப்பத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வெளிநாடு சென்றால் இத்துயர் தீரும் என்று கருதுவோர் சிங்கப்பூரை நோக்கலாம். அங்கே 1990 முதல், காரை வாங்குமுன் அதை வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும், சி.ஓ.இ. எனப்படும் அச்சான்று பத்தாண்டே செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றின் விலை ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தொட்டது. எல்லை தாண்டி ஜோகூரில் மலிவாகப் பெட்ரோல் நிரப்பலாம் என்றால், முக்கால் டாங்க் பெட்ரோலோடுதான் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று அதற்கும் சட்டம் உள்ளது. புதுச்சேரி எல்லையில் இப்படியொரு விதி வராதிருப்பது தமிழ்நாட்டாரின் நல்லூழ்.

சட்டம் இங்கும் முற்றிலும் கனிந்துவிடவில்லை. உற்பத்தியாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியபின், அகல டயரும் உறுமும் சைலன்சரும் போட்டவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகம் உள்ள தெருவைத் தவிர்த்துச் செல்லும் மாற்றுவழிகளில் தேர்ச்சி பெற்றுள்ளனர். ஐம்பதாண்டு கடந்த, உருமாறாத வண்டி வைத்திருப்போருக்கு மட்டும் 2021இல் மத்திய அரசு ஒரு சலுகை அளித்தது: இருபதாயிரம் ரூபாய் கட்டினால் "வி.ஏ." என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் கிடைக்கும். ஆனால் அவ்வண்டியை அன்றாடம் ஓட்டலாகாது. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு எடுக்கலாம். எந்த பங்க்கில் நிரப்ப வேண்டும் என்று விதி குறிப்பிடாததால், கோவையில் பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர் ஞாயிறு காலையில் ஐந்து லிட்டர் பெட்ரோல் போடுவதற்காகக் கோத்தகிரி வரை போய் வருவதில் சட்டப்படி பிழை காண இயலாது. திரும்பும் வழியிலேயே அந்த ஐந்து லிட்டரும் தீர்ந்துவிடும் என்பதால், அடுத்த ஞாயிறும் போயாக வேண்டியிருக்கிறது.