ஓசையில்லா உத்தமனுக்கு ஒரு வாழ்த்து

மின்காரே, உன்னைப் புகழ எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நீ புகை கக்காதவன். பெற்றோல் மணம் அறியாதவன். ரொறன்ரோவில், ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில், ஷெப்பர்ட் அவெனியூவுக்கு வடக்கே நெருக்கி நெருக்கிக் கட்டிய வீட்டு வரிசைகளில், விடியற்காலை வேலைக்குப் போகிறவரை ஏற்றிக்கொண்டு நீ புறப்படும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை புரண்டுகூடப் படுப்பதில்லை. பெற்றோல் கார்கள் தாம் வருவதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தன. நீ தற்பெருமை பேசாதவன். வந்த பிறகும் சொல்லாதவன்.

உன் அடக்கத்தின் முழு அழகையும் காண மாரிகாலத்தில் வரவேண்டும். புதிதாக விழுந்த பனி தன் நுண்துளைகளுக்குள் சத்தத்தை இழுத்துக்கொள்ளும். உன் ரயரின் உரசல்கூட அதில் அமிழ்ந்துபோகும். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நடைபாதையில் ஒரு அம்மம்மா திரும்பி வருகிறார். காதை மூடிய கம்பளித் தொப்பி, அதைச் சுற்றிச் சால்வை, அதற்கும் மேலே ஜக்கெற்றின் தலைமூடி. கண் முழுவதும் காலடியில். எந்த இடம் வழுக்கும் என்று பார்த்துப் பார்த்து வைக்கிற அடி. டிரைவ்வேயின் இரு மருங்கும் அள்ளிக் குவித்த பனி இடுப்பளவு நிற்கிறது. அந்தக் குவியலுக்குப் பின்னாலிருந்து நீ பின்பக்கமாக இறங்குகிறாய். இயந்திரம் முறுகிக் கிளம்பும் சத்தம் இல்லை. பின்னோக்கு விளக்கு மட்டும் எரிகிறது. வெள்ளைப் பனியில் வெள்ளையாக எரிகிறது. வயதானவரைத் திடுக்கிட வைக்கக்கூடாது என்று உனக்குத்தான் எவ்வளவு கரிசனை! திடுக்கிட்டு விலகுவதற்கு வேண்டிய அரை நொடியைக்கூட நீ அவருக்கு மிச்சம் வைப்பதில்லை.

அந்தக் காதுகளுக்கு நீ செய்த உபகாரத்தையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து ஒழுங்கையில், வேலிக்கு அப்பால் வருவது சைக்கிளா, உழவு இயந்திரமா, பழைய ஒஸ்ரின் காரா என்று திரும்பிப் பாராமலே சொன்ன காதுகள் அவை. பிறகு போர் வந்து அவற்றுக்கு வேறு பாடம் நடத்தியது. ஹெலியின் சத்தம் எது, குண்டு விமானங்களில் அவ்றோவின் சத்தம் எது, புக்காறா எது, கிபிர் எது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. ஷெல் புறப்படும் சத்தத்துக்கும் வந்து விழும் சத்தத்துக்கும் இடையில் பங்கருக்குள் இறங்க எத்தனை எட்டு வேண்டும் என்று கால்கள் கணக்கு வைத்திருந்தன. உயிர் தப்பி ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தவர்களில் பலர் காதால் தப்பியவர்கள். அந்தக் காதுகளுக்கு நீ ஓய்வு கொடுத்தாய். ஆபத்து சத்தத்தோடுதான் வரும் என்று ஆயுள் முழுவதும் அறிந்து வைத்திருந்தவர்களுக்கு, சத்தமே இல்லாமலும் வரலாம் என்று இந்த முதுமையில் கற்றுக்கொடுத்த ஆசான் நீ.

வெள்ளைத் தடியோடு நடப்பவர்களுக்கும் உன் பாடம் உண்டு. ஒலிச் சமிக்ஞை இல்லாத சந்தியில், தமக்கு இணையாக நிற்கும் வாகனங்கள் கிளம்பும் சத்தத்தைக் கேட்டுத்தான் பச்சை விழுந்ததை அவர்கள் அறிவார்கள். வலப்பக்கம் திரும்புகிற வாகனத்தையும் காதுதான் காட்டிக்கொடுக்கும். முட்டுச்சந்துகளில் ஹொக்கி விளையாடும் பிள்ளைகளிலும் யாரோ ஒருவன் முதலில் கேட்டு “கார்!” என்று கத்தவேண்டும், அதன் பிறகே மற்றவர்கள் வலைக்கம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடுவார்கள். இவர்கள் எல்லோரையும் நீ சமமாக நடத்துகிறாய். எவருக்கும் முன்கூட்டித் தகவல் கொடுப்பதில்லை.

உன்னைச் செய்தவர்களின் பொறுமையும் புகழத்தக்கது. ரொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசெம்பரில், கனடாவுக்கு 2000இல். பற்றரியில் ஊர்ந்து வருகிற காரைத் தங்களால் கேட்கமுடியவில்லை என்று அமெரிக்காவில் பார்வையற்றோர் அமைப்பினர் விரைவிலேயே முறையிட்டார்கள். இத்தகைய கார்கள் எச்சரிக்கை ஒலி எழுப்பவேண்டும் என்று அங்கே பாதசாரிகளுக்கான சட்டம் 2011 ஜனவரியில் கையொப்பமானது. அதற்கான விதி எழுதி முடிய 2016 டிசெம்பர். அது முழுமையாக நடைமுறைக்கு வர 2021 மார்ச். ஐரோப்பாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் 2021 ஜூலை. கனடாவில் 2023. ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, உன்னை ஓட்ட லைசென்ஸ் எடுக்கும்வரை காத்திருந்தார்கள். முன்பக்க பம்பருக்குள் ஒரு சிறிய ஒலிபெருக்கியை வைக்கிற வேலைக்கு இத்தனை நிதானம்!

ஒட்டாவாவின் பெருந்தன்மையை மறப்பது நன்றிகெட்ட செயல். 2019 மே மாதம் முதல் உன்னை வாங்குகிறவருக்கு 5,000 டொலர் வரை பொதுப்பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது மத்திய அரசு. 2025 ஜனவரியில் ஒதுக்கிய பணம் தீரும்வரை கொடுத்தது. அந்தப் பணத்தில் பஸ்ஸில் போகிறவரின் வரியும் உண்டு, நடந்து போகிறவரின் வரியும் உண்டு. உன்னை வாங்க உதவிசெய்த அவர்களுக்கு, நீ வருவதைக் கேட்கிற உரிமை நாலு வருடம் கழித்துக் கிடைத்தது. அதுவும் புதிதாகச் செய்யப்படும் கார்களில் மட்டும். ஏற்கெனவே தெருவில் ஓடிய உன் மூத்த சகோதரர்களை விதி தொந்தரவு செய்யவில்லை. அவர்களில் பலர் தங்கள் மௌனவிரதத்தை இன்றைக்கும் கலைக்காமல் ஓடித்திரிகிறார்கள்.

சத்தத்தைப் பற்றி உன் குலத்துக்கு அக்கறை இல்லையென்று யாரும் சொல்லிவிடக்கூடாது. 2019இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் ஹான்ஸ் ஸிம்மரை அழைத்து வந்து உனக்கு இசையமைக்க வைத்தது. திரைப்பட இசைக்கு ஒஸ்கார் வாங்கியவர். அவர் இழைத்த ஒலி, உள்ளே உட்கார்ந்திருப்பவர் அக்ஸிலரேற்றரை மிதிக்கும்போது அவருடைய காதுக்குக் கேட்பதற்கானது. வாகனம் எங்கே போகிறது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு இவ்வளவு செய்கிறவர்கள், தெரியாதவருக்கும் ஒருநாள் செய்வார்கள் என்றுதான் வெளியே நிற்பவர்கள் இத்தனை காலம் நம்பினார்கள். ரெஸ்லாவும் கொடையில் குறைந்தது அல்ல. விரும்பிய சத்தத்தைக் காருக்கு வெளியே ஒலிக்கவிடும் ‘பூம்பொக்ஸ்’ வசதியைத் தந்தது. அந்தக் கேளிக்கைச் சத்தம் எச்சரிக்கை ஒலியை மறைக்கக்கூடும் என்று 2022 பெப்ரவரியில் அமெரிக்காவில் 5,78,607 கார்களுக்குத் திருத்தம் செய்யவேண்டி வந்தது.

விதியை எழுதியவர்களின் நுட்பம் தனிப் புகழுக்குரியது. ஐ.நா.வின் 138ஆம் ஒழுங்குவிதிப்படி மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் 2 மீற்றர் தூரத்தில் நீ குறைந்தது 56 டெசிபெல் எழுப்பவேண்டும். 10 கிலோமீற்றரில் 50. பின்னோக்கி வரும்போது 47. வயதானவருக்கு உயர் அதிர்வெண் ஒலி முதலில் மங்கும் என்பதால், ஒலியின் ஒரு பகுதியாவது 1,600 ஹேர்ட்ஸ் பட்டையிலோ அதற்குக் கீழேயோ இருக்கவேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். இது உண்மையிலேயே நல்ல சிந்தனை. முதியவரின் காதை நினைத்தவர் யாரோ அந்த மேசையில் இருந்திருக்கிறார். ஆனால் அளந்தது காய்ந்த, அமைதியான சோதனைத் தடத்தில். எந்த அசைவில் வாகனம் நடப்பவருக்கு மிக அருகில் வருமோ, எப்போது அவரை ஓட்டுநர் காணாமல் விடக்கூடுமோ, அந்தப் பின்னோக்கிய அசைவுக்குத்தான் எல்லாவற்றிலும் குறைந்த ஒலி விதித்தார்கள். அதே மேசையில் முன்பு வேறு சிலரும் இருந்தார்கள்போலும்: ஐரோப்பாவின் 2014 விதி, விரும்பினால் ஒலியை நிறுத்திவைக்க ஓட்டுநருக்கு ஒரு பொத்தானையும் அனுமதித்தது. பிறகுதான் அது தடைசெய்யப்பட்டது.

ஐரோப்பாவில் 20 கிலோமீற்றரைத் தாண்டியதும், அமெரிக்காவில் 30ஐத் தாண்டியதும் நீ வாயை மூடிக்கொள்ளலாம். அதன்மேல் ரயரும் காற்றும் உனக்காகப் பேசும் என்பது கணக்கு. கிங்ஸ்டன் வீதியின் காய்ந்த தாரில் அந்தக் கணக்கு சரி. ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்குள் ருவின் ரிவர்ஸ் டிரைவில் வந்து பார். செங்குத்தான இறக்கம், வளைவு, ஒடுங்கிய பாலம். நடைபாதை இல்லை. மாஸ்ற் நடைத்தடத்துக்குப் போகிற குடும்பங்கள் பிள்ளைகளோடு தெருவோரமாகவே நடக்கின்றன. பக்கத்தில் ஆறு இரைகிறது. மோட்டர் உழைக்கவேண்டாத அந்தச் சரிவில் நீ இறங்கி வருகிற மென்மை, இரைகிற ஆற்றுக்கும் மரியாதை செய்கிற மென்மை.

உன்னை வைத்திருப்பவர்களில் சிலர் இன்னும் ஒரு படி மேலே. எச்சரிக்கை ஒலி காதை அரிக்கிறது என்று ஒலிபெருக்கியின் வயரைக் கழற்றிவிடுகிறார்கள். அமைதியை இவ்வளவு நேசிக்கிறவர்களை அயலில் பெறுவதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அவர்களுடைய அமைதிக்கான செலவை அந்த அம்மம்மா கட்டுகிறார்.

உன் திறமைக்கு அளவுகோலும் உண்டு. பிரித்தானியாவின் 2013 முதல் 2017 வரையான விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டார்கள். 10 கோடி மைலுக்குப் பெற்றோல், டீசல் கார்களால் அடிபட்ட பாதசாரிகள் 2.40. மின்சார, ஹைபிரிட் கார்களால் 5.16. ஒலி கட்டாயமாவதற்கு முந்திய ஆண்டுகள் அவை. உன் மௌனம் முழுத் தூய்மையோடு இருந்த காலம். சாதித்தது இரண்டு மடங்குக்கும் மேல்.

இத்தனை புகழையும் வாங்கிய உனக்கு ஒரு புகழ் மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது: நீ வருவதை நடந்துபோனவர் கேட்டார், ஒதுங்கினார், வீடு போய்ச் சேர்ந்தார் என்ற புகழ். அதைப் பெறுவது எளிது. வாங்குவதற்கு 5,000 டொலர் கொடுத்த அரசு, ஒலியில்லாமல் ஓடுகிற பழைய கார்களுக்கு ஒலிபெருக்கி பூட்டவும் கொஞ்சம் கொடுக்கட்டும். பின்னோக்கி வரும்போதுதான் ஒலி உரக்கக் கேட்கவேண்டும் என்று விதி திருத்தப்படட்டும். வயரைக் கழற்றியவர் இன்றைக்கே அதைத் திரும்பப் பூட்டட்டும். டிரைவ்வேயிலிருந்து இறங்குகிறவர் கமராத் திரையை மட்டும் நம்பாமல் கண்ணாடியை இறக்கி, கழுத்தைத் திருப்பி, நடை வேகத்தில் இறங்கட்டும். இவ்வளவும் நடந்தால், மின்காரே, உன்னை மறுபடியும் புகழ்வேன். அந்தப் புகழை எந்தப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாலும் அது புகழாகவே இருக்கும்.